கேட்கிற நாள், கொடுக்கிற நாள்

எச்சில் கேட்டு வீடு வீடாகப் போன ஆள் இந்த மலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். புதூர்நாட்டு ஜீப்பில் என்னைப் பார்த்தால் இப்போதும் யாராவது ஒருவர், "இன்னா மாமா, இன்னிக்கு யாரு வாயத் தொறக்கப் போற?" என்று கேட்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். நான் பதில் சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாது என்றில்லை. எனக்குப் பதில் தோன்றுவதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும்.

ஜவ்வாது மலையில் ஜீப் போகும் கடைசி இடத்திலிருந்து முக்கால் மணி நேரம் நடந்தால் எங்கள் ஊர். சாமை, புளி, பலா. மலையில் இருந்த உண்டு உறைவிடப் பள்ளியில் பத்தாவது வரை படித்தேன். எழுத்து நன்றாக இருக்கும் என்பார்கள். பேச்சு வராது. ஊர்க்கூட்டத்தில் என் பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நின்று, எல்லோரும் என்னைப் பார்த்ததும் உட்கார்ந்துவிடுவேன். அப்படிப்பட்டவனை எதற்கு இந்த வேலைக்கு எடுத்தார்கள் என்று பலரும் கேட்டார்கள். என் தங்கையால்தான் எடுத்தார்கள்.

தங்கைக்கு என்னைவிட ஆறு வயது குறைவு. அப்பா சீக்கிரம் போய்விட்டதால் அவள் கல்யாணத்தைப் பேசி முடித்தது நான்தான். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் கொடுத்தோம். ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு மூன்று வயது இருக்கும்போது அவளுக்கு உடம்பு மாறியது. உடம்பு என்றுதான் நாங்கள் சொல்வோம். யாரும் இல்லாத இடத்தில் ஆட்கள் பேசுவது அவளுக்குக் கேட்டது. உலையை அடுப்பில் வைத்துவிட்டு, கூப்பிட்டார்கள் என்று காட்டுக்குள் போய்விடுவாள். இரண்டு முறை தேடிக் கொண்டுவந்த பிறகு, அவள் வீட்டுக்காரரும் அவர் அண்ணனும் அவளை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். "நல்லானதும் சொல்லி அனுப்புங்க" என்றார்கள். குழந்தையை அவர்களே வைத்துக்கொண்டார்கள். அதற்கு இப்போது பதினெட்டு வருடம்.

பூசாரியிடம் போனோம், வேர் கட்டினோம். பிறகு கீழே ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததும் அந்தக் குரல்கள் நின்றுவிட்டன. அதற்காக அந்த மாத்திரையைக் கையெடுத்துக் கும்பிட்டேன். ஆனால் குரலோடு சேர்த்து வேறு சிலவும் நின்றன. எங்கள் ஊரில் புளி அடித்துக் கொட்டை எடுக்க உட்கார்ந்தால் அவளுக்கு முன்னால் யாரும் முடிக்க முடியாது. மாத்திரைக்குப் பிறகு கை நடுங்கியது. கழுத்து திரும்பாது, உடம்பே திரும்ப வேண்டும். மத்தியானம் வரை தூக்கம். வாயோரம் எச்சில் வழிந்துகொண்டே இருக்கும், அவளுக்கே தெரியாது. மாத்திரையை நிறுத்திப் பார்த்தோம். பத்தாம் நாள் குரல்கள் திரும்பி வந்தன. இரண்டில் ஒன்றுதான் எங்களுக்கு என்று நினைத்துக்கொண்டோம்.

மாதம் ஒருமுறை அவளைக் கீழே அழைத்துப் போவேன். ஜீப், பிறகு பஸ், பிறகு வரிசை. "எப்படி இருக்காங்க?" என்று டாக்டர் என்னைக் கேட்பார். நான் சொல்வேன். தூக்கம், சாப்பாடு, மாதவிலக்கு வரை நான்தான் சொல்வேன். அவள் பக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். வேறெங்கும் வாய் வராத எனக்கு அந்த அறையில் மட்டும் பேச்சு வந்தது. அது எனக்கு அப்போது வித்தியாசமாகப் படவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் மலையிலேயே, புதூர்நாட்டு ஆஸ்பத்திரியில் மாதம் ஒருநாள் மனநலத்துக்கு டாக்டர் வரப்போவதாகச் சொன்னார்கள். போனால், உட்கார்ந்திருந்தது எங்கள் மலைப் பெண். எங்களுக்கு மூன்று ஊர் தள்ளிப் பிறந்தவர். அவர் அம்மா எங்கள் ஊர்க்காரர், பங்காளி வழியில் எனக்கு அக்கா முறை. அந்த வழியில் நான் அவருக்கு மாமா, என் தங்கை சின்னம்மா. அவரை நான் எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. முறைப்படி கூப்பிட்டால் டாக்டரை அப்படிக் கூப்பிடலாமா என்று கூச்சம். டாக்டரம்மா என்றால் மாமன்காரன் அப்படிச் சொல்கிறானே என்று அவர் நினைப்பாரோ என்று கூச்சம். மூன்று வருடமாக எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே பேசி வருகிறேன்.

அவர் என் தங்கையைப் பார்த்து, "எப்டி கீறீங்க சின்னம்மா?" என்றார்.

"தூக்கம் அதிகமா கீது. வாய்ல எச்சி" என்று நான் ஆரம்பித்தேன்.

"மாமா, நான் சின்னம்மாவக் கேட்டேன்."

தங்கை வாயைத் திறக்கவில்லை. நானும் மூடிக்கொண்டேன். அவர் அவசரப்படாமல் காத்திருந்தார். வெளியே அடுத்த ஆள் இருமிக்கொண்டிருந்தார். கடைசியில் தங்கை, "மரமாட்டம் கீறேன்" என்றாள். அவ்வளவுதான். ஆனால் அதை அவர் எழுதிக்கொண்டார். நான் பதினைந்து வருடமாகச் சொன்னவற்றில் அந்த வார்த்தை இல்லை.

அன்றைக்குத்தான் அந்த ஆராய்ச்சி பற்றிச் சொன்னார். ஒரே மாத்திரை ஒருவர் உடம்பில் சாயங்காலத்துக்குள் கரைந்துவிடுமாம், இன்னொருவர் உடம்பில் மூன்று நாள் தங்குமாம். அது பிறப்பிலேயே வருவதாம், எச்சிலைப் பரிசோதித்தால் தெரியுமாம். "ஒரே மழதான் மாமா. நம்ம மேட்டுக் கொல்லையில நிக்காம ஓடிப்போய்டுது, கீழ வயல்ல மூணு நாளு நிக்குது. ஆனா எவ்ளோ மாத்திரன்றத யாரு யாரு ஒடம்பையோ பாத்து முடிவு பண்ணிட்டாங்க. நம்ம ஒடம்ப யாரும் பாக்கல. அத நாமளே பாக்கலாம்னு கீறேன்."

நாமளே என்றது வெறும் பேச்சில்லை. மலைக்காரர்கள் ஏழு பேர் கொண்ட ஒரு குழுவை முதலில் உட்கார வைத்தார். அவர்கள் சரி என்று சொல்லாத ஒரு கேள்வியும் காகிதத்தில் ஏறாது. எடுத்த எச்சிலை வேறு எதற்கும் பயன்படுத்த வேண்டுமானால் திரும்ப மேலே வந்து கேட்க வேண்டும். முடிவை எச்சில் கொடுத்தவருக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் காரணம் இருந்தது. முன்பு ஒருமுறை கீழேயிருந்து யாரோ வந்து ஊர் ஊராக ரத்தம் எடுத்துப் போனார்கள். எதற்கென்று சொன்னது பாதிப் பேருக்குப் புரியவில்லை, என்ன ஆனது என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கள் ஊர்க்கவுண்டர், அதாவது ஊருக்குத் தலைவர், இன்றும் அதைச் சொல்வார். "எங்கிட்ட எடுத்தது எங்க கீதுன்னு எனக்கே தெரியாது. நான் செத்தாலும் அது எங்கயோ டப்பாவுல கெடக்கும்."

வீடு வீடாகப் போக ஆள் வேண்டும் என்றபோது டாக்டர் என்னைக் கேட்டார். "எனக்குப் பேச வராதுங்க" என்றேன். "அதான் வேணும். பேசறவங்க போனா எல்லாரும் சரின்ருவாங்க" என்றார். அது பாராட்டா என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது.

முதல் ஊர் எங்கள் ஊர்தான். பேசத் தெரியாதவனுக்கு ஒரு வழி இருந்தது. எங்கள் மலையில் பெரிய விஷயம் எதைக் கேட்டாலும் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துத்தான் கேட்போம். பெண் கேட்பதும் அப்படித்தான், நிலத்தகராறில் சமாதானம் கேட்பதும் அப்படித்தான். எடுத்து மென்றால் சம்மதம். நிறையப் பேச வேண்டியதில்லை. கீழே ஆலங்காயத்தில் ஒரு கவுளி வெற்றிலை வாங்கி ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்தேன். ஒவ்வொரு வீட்டிலும் தட்டை வைத்தேன், அச்சடித்த காகிதத்தைப் படித்துக் காட்டினேன். அவர்கள் எடுத்து மென்றார்கள். கையெழுத்தோ கைநாட்டோ போட்டார்கள். உடனே குப்பியை நீட்டினேன், கோடு வரைக்கும் துப்பினார்கள். மூன்று நாளில் இருபத்தொரு குப்பி. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலையை நன்றாகச் செய்துவிட்டதாக நினைத்தேன். பெட்டியில் அடுக்கி ஜீப்பில் அனுப்பினேன்.

நாலு நாள் கழித்து டாக்டர் போன் செய்தார். எங்கள் ஊரில் பாறை மேல் ஏறினால்தான் போன் கேட்கும். ஏறி நின்றேன்.

"மாமா, குப்பியெல்லாம் ஏன் செவப்பா கீது?"

எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. பாறை மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அரை மணி நேரத்துக்கு முன்னால் எதுவும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது என்று காகிதத்தில் போட்டிருந்தது. அதை நான் ஒவ்வொரு வீட்டிலும் படித்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள், வாய் நிறைய வெற்றிலையோடு. ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. சம்மதம் சொன்ன வாயாலேயே கெடுத்துவிட்டோம்.

வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். மறுநாள் டாக்டரே வந்தார். என் வீட்டு வாசலில் உட்கார்ந்து அந்த இருபத்தொரு குப்பியைச் சொல்லிச் சொல்லிக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். என் மனைவியும் சிரித்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் சிரிப்பு நின்றது.

"ஒங்க தப்பு இல்ல மாமா. எந்தப்பு. நான் பொறந்தது இங்க. எங்கம்மா வெத்தல மெல்றதப் பாத்துதான் வளந்தேன். காகிதம் எழுதறப்ப எனக்கு அது ஞாபகத்துக்கே வரல. கீழ படிச்சி கீழ இருக்கறவங்களுக்கு எழுதின மாதிரியே எழுதி வச்சிருக்கேன்."

ஊர்க்கூட்டம் போட்டார்கள். வெற்றிலையை விட்டுவிடலாமா என்று டாக்டர் கேட்டார். வேண்டாம், வெறும் கையோடு வந்து கேட்பது மரியாதை இல்லை என்றார்கள். ஊர்க்கவுண்டர் பாக்கை வெட்டிக்கொண்டிருந்தார்.

"பொண்ணு கேக்கற அன்னிக்கே தாலி கட்டுறோமா?" என்றார். "கேக்கறது ஒரு நாளு. குடுக்கறது ஒரு நாளு. நடுவுல ஏழு நாளு வுடு. மனசு மாறினவன் வெத்தலயத் திருப்பி வச்சிட்டுப் போவட்டும். ஏன்னு கேக்கக் கூடாது."

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு அவர் ஒன்று சேர்த்தார். வீட்டுக்கு ஒரு தட்டு போதாது, ஆளுக்கு ஒரு தட்டு. இங்கேதான் சலசலப்பு வந்தது.

"பொம்பளைக்கும் தனியா வெத்தலயா?"

"எச்சி தனித்தனியாத்தான வருது சித்தப்பா" என்றார் டாக்டர். பின்வரிசைப் பெண்கள் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். அதோடு முடிந்தது.

கீழே அவரோடு ஆராய்ச்சி செய்பவர்களுக்கு இதை விளக்குவது சுலபமாக இல்லை என்று பிறகு தெரிந்தது. ஏழு நாள் விட்டால் பாதிப் பேர் வேண்டாம் என்பார்கள் என்று பயந்தார்களாம். "சொல்லட்டும்" என்றாராம் டாக்டர். பாதிப் பேர் சொல்லவில்லை. சிலர் சொன்னார்கள். என் வீட்டு வாசலில் காலையில் வெற்றிலை இருக்கும், யார் வைத்தது என்று தெரியும், தெரியாத மாதிரி எடுத்துக்கொள்வேன். குப்பிகள் குறைந்தன, ஆனால் தெளிவாக இருந்தன.

எல்லா வீடும் முடிந்து கடைசியாகத்தான் என் வீட்டுக்கு வந்தேன். அதைத் தள்ளிக்கொண்டே போனேன் என்பதுதான் நிஜம். இந்த வேலைக்கு நான் ஒப்புக்கொண்டதே அவளுக்காகத்தான். பரிசோதனையில் மாத்திரை அவள் உடம்பில் தங்குவது தெரிந்தால் டாக்டர் அதை மாற்றிப் பார்ப்பார், அல்லது குறைப்பார். அவள் கழுத்து திரும்பும். எத்தனையோ பேரிடம் கேட்டவனுக்கு அவள் ஒருத்தியின் சம்மதம்தான் வேண்டியிருந்தது. அவள் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்கவும் முடியாது.

ஒரு மத்தியானம் அவள் எழுந்து பலாமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். தட்டை அவள் முன்னால் வைத்தேன். சாமை புடைத்துக்கொண்டிருந்த என் மனைவி முறத்தை நிறுத்தினாள்.

"தங்கச்சிக்கு வெத்தல வைக்கிற அண்ணன இப்பதான் பாக்கறேன்."

தங்கை தட்டைப் பார்த்தாள். "இது இன்னா?"

"கேக்கறேன்."

"யாரு கேக்கறது? டாக்டரா, நீயா?"

"டாக்டருக்காக நான்."

காகிதத்தைப் படித்தேன். வேறு வீடுகளில் வந்த குரல் அங்கே வரவில்லை. முடித்த பிறகும் அவள் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் கல்யாணத்துக்கும் இதே தட்டுதான் ண்ணா" என்றாள். "நீ மென்ன. நான் போனேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அந்த நாள் எனக்கு ஞாபகம் இருந்தது. அந்த ஊர் ஆட்கள் ஆறு பேர், என்னைவிடப் பெரியவர்கள், என் முன்னால் உட்கார்ந்து என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். வாழ்க்கையில் யாரும் என் பதிலுக்குக் காத்திருந்ததில்லை. அந்தப் பெருமையில் உடனே எடுத்து வாயில் போட்டேன். அவள் அப்போது ஊற்றில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தாள். குடத்தோடு திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அவள் நடுங்கும் கையால் வெற்றிலையையும் பாக்கையும் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மெல்லவில்லை.

"எப்ப சொல்லணும்?"

"ஏழு நாளு. வேணாம்னா திருப்பி வச்சிடு. ஏன்னு கேக்க மாட்டேன்."

"நீ கேக்க மாட்ட?"

"கேக்கக் கூடாது. ரூலு."

அவளுக்கு வாயின் ஒரு பக்கம் சிரிப்பு வந்தது. "வூட்டுக்குள்ள ரூலு" என்றாள்.

அந்த ஏழு நாளில் ஐந்தாம் நாளைப் பற்றி எழுத வேண்டும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, அவளைத் தவிர.

காலை பத்து மணி இருக்கும். மனைவி சாமைக் கொல்லைக்குப் போயிருந்தாள். தங்கை பாயில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாயோரம் எச்சில் வழிந்து தலைக்கு வைத்திருந்த துணி நனைந்திருந்தது. என் பை ஆணியில் தொங்கியது. பையில் காலிக் குப்பி இருந்தது. அவள் ராத்திரியே சாப்பிட்டு மாத்திரை போட்டுப் படுத்தவள், வாயில் வேறெதுவும் இல்லை. கோடு வரைக்கும் நிரப்ப ஐந்து நிமிடம்கூட ஆகாது. காகிதத்தில் அவள் கையெழுத்தையும் நானே போடலாம், இருவர் எழுத்தும் ஒரே மாதிரி இருக்கும், நான்தான் அவளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தேன். அவள் நல்லதற்குத்தானே என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. குரல் கேட்பது என்றால் இப்படித்தான் இருக்குமோ என்று அப்போது நினைத்தேன்.

குப்பியை எடுத்தேன். மூடியையும் திறந்துவிட்டேன். அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். அவ்வளவு பக்கத்தில் அவள் முகத்தைப் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. இடுப்புச் செருகலில் அந்த வெற்றிலையின் நுனி தெரிந்தது. வாடிக் கறுத்திருந்தது. அவள் அதைத் தூக்கிப் போடவில்லை. தூங்கும்போதும் அதை வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றியது. மூடியை மூடினேன். திருகும்போது சின்னதாகச் சத்தம் வந்தது.

அவள் கண்ணைத் திறந்தாள். குப்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எடுத்தியா?"

"இல்ல."

குப்பியை அவள் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் காட்டினேன். காய்ந்திருந்தது. "எடுக்கலாம்னு வந்தேன். எடுக்கல" என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் வெளியே போய், விறகு உடைக்க வேண்டிய தேவை இல்லாமலே உடைத்தேன்.

ஏழாம் நாள் அவள் வெற்றிலையைத் திருப்பி வைக்கவும் இல்லை, மெல்லவும் இல்லை. "எனக்கு டாக்டரக் கேக்கணும்" என்றாள். "இன்னா கேக்கணும்?" என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டுப் பாறை மேல் ஏறிப் போன் செய்தேன்.

டாக்டர் அந்த வாரமே நடந்து வந்தார். பலாமரத்தடியில் இருவரும் உட்கார்ந்தார்கள். நான் எழுந்து போகப் பார்த்தேன். "இத நீயும் கேளு" என்றாள் தங்கை.

"எம் பொண்ணுக்குப் பதினெட்டு ஆவுது" என்றாள். "கல்யாணப் பேச்சு வர்ற நேரம். இந்தக் காகிதத்துல என் ரத்தமே பைத்தியம்னு வந்தா, அவள யாரு எடுப்பா? என்னால அவ கெட்டது போதும்."

பதினைந்து வருடத்தில் அவள் அத்தனை வார்த்தைகளைச் சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. மகளைப் பற்றி அவள் பேசாததால், மாத்திரையில் அதுவும் மங்கிவிட்டது என்று நான் நினைத்திருந்தேன்.

டாக்டர் உடனே இல்லை என்று சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. "இது நோய் யாருக்கு வரும்னு சொல்ற டெஸ்டு இல்ல சின்னம்மா. மாத்திர ஒங்க ஒடம்புல எவ்ளோ நேரம் தங்குதுன்னு பாக்கறது. அதுகூட சில மாத்திரைக்குத்தான் தெரியும். ஒண்ணுமே தெரியாமலும் போவலாம். தெரிஞ்சா மாத்திரய மாத்திப் பாப்போம், ஒத்துக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். பொண்ணுக்கு நாளைக்குக் காய்ச்சலோ எதுவோ வந்து மாத்திர குடுத்தா, அவ ஒடம்பும் ஒங்களாட்டம் இருக்கலாம்னு சொல்ல இது ஒதவும். அத சொல்றதா வேணாமான்றது ஒங்க இஷ்டம்."

"காகிதம் யாராண்ட இருக்கும்?"

"ஒண்ணு எங்கிட்ட பூட்டி இருக்கும், பேரு இருக்காது, நம்பர்தான். ஒண்ணு ஒங்ககிட்ட."

"எங்கிட்டயா, எங்கண்ணங்கிட்டயா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன்.

"ஒங்ககிட்ட."

"அப்ப எனக்கு மட்டும் சொல்லுங்க. இவரு வெளிய நிக்கட்டும்." பிறகு என்னைப் பார்த்து, "கோவமா ண்ணா?" என்றாள்.

"இல்ல" என்றேன். கொஞ்சம் இருந்தது.

அவள் இடுப்பிலிருந்து வெற்றிலையை எடுத்தாள். சருகாகிவிட்டிருந்தது. மனைவி உள்ளே இருந்து புது வெற்றிலை கொண்டுவந்தாள். "அது வேணாம் அண்ணி. எனக்கு வச்சது இதான்" என்று அந்தச் சருகையே பாக்கோடு வாயில் போட்டு மென்றாள். நொறுங்கும் சத்தம் கேட்டது. "நல்லாவே இல்ல" என்றாள். டாக்டர் சிரித்துவிட்டார். வெற்றிலை மென்ற வாய் என்பதால் அன்று எடுக்கவில்லை. டாக்டர் எங்கள் வீட்டிலேயே சாமைச் சோறு தின்று தங்கினார்.

மறுநாள் காலை அவள் வேப்பங்குச்சியால் பல் விளக்கி, மூன்று முறை வாய் கொப்பளித்து, ஒரு மணி நேரம் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தாள். என் மனைவி மோர் நீட்டியதற்குத் தலையாட்டி மறுத்தாள். குப்பியைப் பிடிக்கக் கை நடுங்கியது. நான் பிடிக்கப் போனேன், தட்டிவிட்டாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு துப்பினாள். மற்றவர்களுக்குக் கால் மணி நேரம் ஆகும். அவளுக்குக் கோடு சீக்கிரமே வந்துவிட்டது.

"இந்த ஒண்ணுலதான் நான் ஃபஸ்டு" என்றாள்.

முடிவு வர நாலு மாதம் ஆனது. நடுவில் புளி உலுக்கும் காலம் வந்து போனது. புதூர்நாட்டில் டாக்டர் வரும் நாளில் அவளை உள்ளே கூப்பிட்டார்கள். பழக்கத்தில் நானும் எழுந்தேன். பிறகு உட்கார்ந்தேன். கதவு சாத்தியிருந்தது. பதினைந்து வருடத்தில் அவள் நான் இல்லாமல் போய் ஒரு டாக்டரோடு தனியாக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. உள்ளே அவள் குரல் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. கேட்கும் தூரத்துக்குப் போகலாமா என்று தோன்றியதும், எழுந்து எதிர்ப்பக்கம் டீக்கடைக்குப் போய்விட்டேன்.

அவள் வெளியே வந்தபோது ஒரு காகிதத்தை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள். ஜீப்பில் வரும்போது நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மாத்திரை அட்டையின் நிறம் மட்டும் மாறியிருந்தது. அதை அவளே பானைக்குள் வைத்தாள், அவளே எடுத்துப் போட்டாள். முதல் மாதம் எனக்குத்தான் தூக்கம் இல்லை. குரல்கள் திரும்பி வந்துவிடுமோ என்று அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கொஞ்சம் வந்தன என்று அவளே டாக்டரிடம் போனில் சொன்னாளாம். பாறை மேல் அவளே ஏறிப் போயிருக்கிறாள். அந்த ஏற்றத்தில் அவள் ஏறியதைப் பார்த்தவர்கள் வந்து எனக்குச் சொன்னார்கள்.

அந்தக் காகிதத்தில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் முழுக்க நல்லாகிவிட்டாள் என்று எழுத மாட்டேன். கை இன்னும் நடுங்குகிறது. புளி அடிக்க உட்கார்ந்தால் கடைசியில்தான் முடிக்கிறாள், ஆனால் உட்காருகிறாள். யாராவது கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறாள். அந்த ஊருக்குப் போய் மகளைப் பார்த்துவிட்டும் வந்தாள். காகிதத்தை எடுத்துப் போனாளா, மகளிடம் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

போன மாதம் எங்கள் டாக்டர் வேறு ஊருக்குப் போயிருந்ததால் புதிதாக ஒருவர் வந்திருந்தார். வயதில் சின்னவர். தங்கை இந்த முறை, "நீயும் வா" என்று என்னை உள்ளே கூப்பிட்டாள். புது டாக்டர் காகிதங்களைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்து, "எப்படி இருக்காங்க?" என்றார்.

எனக்கு நாக்கு நுனிவரை எல்லாம் வந்துவிட்டது. தூக்கம், சாப்பாடு, கை. சுவரில் ஒரு காலண்டர் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புது டாக்டர் எனக்குக் காது கேட்காதோ என்று நினைத்திருப்பார், கொஞ்சம் சத்தமாக இன்னொரு முறை கேட்டார். நான் காலண்டரையே பார்த்தேன்.

"காலைல மட்டும் கை நடுங்குது" என்றாள் தங்கை. "தூக்கம் கொறஞ்சிருக்கு. அத எழுதிக்குங்க. அவரக் கேக்காதீங்க, அவரு ரொம்பப் பேசுவாரு."

வாசலில் வரிசையில் நின்றிருந்த எங்கள் ஊர்க்காரர்கள் அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு டாக்டருக்குப் புரியவில்லை. நானும் சிரித்தேன்.